ஒரு பாத்திரமே பள்ளிக்கூடம்

பாத்திரங்கள் பலவற்றை ஏற்று நடித்தவரே தேர்ந்த நடிகர் என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். ஒரே பாத்திரத்தை ஆண்டுக் கணக்கில் ஆராய்ந்துகொண்டிருப்பவரைக் கண்டால், இவருக்கு வேறு வேலை இல்லையோ என்று நமக்குக் கேட்கத் தோன்றும். ஆயினும், உருசிய நாடகப் பேராசான் கான்ஸ்டன்டீன் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி (1863–1938) தம் வாழ்வின் இறுதி நாள்களில் இக்கருத்துக்கு மாறான வழியையே காட்டிச் சென்றார். அனுபவம் முதிர்ந்த நடிகர்களை ஒன்று கூட்டி, ஒரே நாடகத்தில் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை மட்டும் நெடுங்காலம் பயிலச் செய்தார். அவரை அவ்வழிக்குச் செலுத்தியது எது?

1898-ஆம் ஆண்டில் நெமிரோவிச் டான்சென்கோவுடன் சேர்ந்து மாஸ்கோ கலை அரங்கை நிறுவியவர் அவர். 1900-இல் இப்சனுடைய ‘மக்கள் பகைவன்’ நாடகத்தில் டாக்டர் ஸ்டாக்மனாக நடித்துப் பெரும்புகழ் பெற்றார். 1906-ஆம் ஆண்டுக் கோடையில் பின்லாந்தில் ஓய்வு கொண்டிருந்தபோது, அப்பாத்திரத்தை அவர் மனத்துள் மீண்டும் எண்ணிப் பார்த்தார். நடையும் கைவீச்சும் முகக்குறிப்பும் அப்படியே இருந்தன. ஆனால் அவற்றைத் தொடக்கத்தில் பிறப்பித்த உணர்ச்சி எங்கோ மறைந்துவிட்டிருந்தது! ஊர் புகழும் நடிப்பு உள்ளே வெறுங்கூடாகிவிட்டதை அவரே உணர்ந்தார். பலமுறை நடிப்பது வேறு, பாத்திரத்தை அறிவது வேறு என்னும் உண்மை அன்று அவருக்குப் புலனாயிற்று. அவருடைய நடிப்பு முறை இவ்வேதனையில் முளைத்தது என்றே கூறலாம்.

பாத்திரத்தை அறிவது எவ்வாறு? தொடக்கத்தில் அவர் கைக்கொண்டது ஆராய்ச்சி வழி. நடிகர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, நாடகத்தை வரிவரியாகப் பல நாள் ஆய்வார்கள். இப்பாத்திரம் எங்கே பிறந்தது? யாரை நேசித்தது? எதற்கு அஞ்சியது? திரை விலகுவதற்கு முன் அதன் வாழ்வு எத்தகையது? இவ்வினாக்களுக்கெல்லாம் விடை தேடுவார்கள்.

இதற்கு ‘ஒத்தெல்லோ’ நல்ல சான்றாகும். 1896-இல் தாமே ஒத்தெல்லோவாக நடித்தவர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. 1928-இல் மேடையில் நடித்துக்கொண்டிருக்கையில் மாரடைப்பு உண்டாகி, அதன்பின் அவர் மேடையேறி நடிக்கவே இல்லை. பிரெஞ்சு நாட்டின் நீஸ் நகரில் நோயுடன் தங்கியிருந்த காலத்தில் (1929–30), அதே நாடகத்துக்கு விரிவான இயக்கக் குறிப்புகளை எழுதினார். ஷேக்ஸ்பியர் சொல்லாது விட்ட பழைய கதைகளையும் பாத்திரங்களுக்காகக் கற்பனை செய்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரும் அந்நாடகத்தில் அவருக்குக் கற்க வேண்டியது இருந்தது!

ஆனால் இவ்வழியில் ஒரு குறை உண்டென்பதையும் அவரே கண்டார். நெடுநாள் மேசையடியில் அமர்ந்து ஆய்ந்த நடிகன், மேடைக்கு எழுந்து வரும்போது தலை நிறைந்தும் நெஞ்சு வெறுமையாகவும் நிற்கிறான். அறிந்தவை அனைத்தும் அவன் கைகால்களைக் கட்டிப்போடுகின்றன. ஆகவே வழியை மாற்றினார். ‘இச்சூழ்நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன்?’ என்று கேட்டு, எழுந்து செய்து பார். செயல் உண்மையானால் உணர்ச்சி தானே பின்தொடரும் என்றார். ஆராய்ச்சியை அவர் கைவிடவில்லை. அதை உடலோடு சேர்த்தார்.

இப்புதுமுறைக்கு அவர் எடுத்துக்கொண்ட நாடகம் மோலியேருடைய ‘தார்த்தூப்’. கெட்ரோவ், டொப்பொர்க்கோவ் முதலிய தேர்ந்த நடிகர்கள் அதில் சேர்ந்தனர். நாடகத்தை அரங்கேற்றுவது தம் நோக்கமன்று. கலை நுட்பத்தைக் கற்பதற்கே இம்முயற்சி என்று அவர்களிடம் தொடக்கத்திலேயே தெளிவாக்கினார். வசனத்தை மனப்பாடம் செய்யலாகாது என்பது கட்டளை. ஒப்பனை அறைகள் இருந்த பகுதியையே ஆர்கோனின் வீடாகக் கொண்டு, யாருக்கு எந்த அறை என்றுகூட நடிகர்கள் வகுத்துக்கொண்டனர்.

இதனால் விளையும் பயனை ஒரு காட்சியால் விளக்கலாம். வெளியூரிலிருந்து வீடு திரும்புகிறான் ஆர்கோன். மனைவி காய்ச்சலில் வருந்தியதைப் பணிப்பெண் சொல்கிறாள். அவனோ, போலித் துறவியான தார்த்தூப்பின் நலத்தையே திரும்பத் திரும்ப விசாரிக்கிறான். இவன் மூடன் என்று முடிவு கட்டி நடிப்பவன், சிரிப்பை எதிர்பார்த்துக் குரலை வளைப்பான். தன் வீட்டில் உண்மையான ஞானி ஒருவர் தங்கியிருப்பதாக நம்புகின்றவன் என்ன செய்வான் என்று கேட்டு நடிப்பவனோ, கவலையோடு விசாரிப்பான். அக்கவலை எவ்வளவு உண்மையோ அவ்வளவுக்கு நகையும் பெருகும். ஏமாந்தவன்மீது இரக்கமும் பிறக்கும்.

ஒத்திகைகள் முடியுமுன்னரே, 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி மறைந்தார். எஞ்சிய பணியைக் கெட்ரோவ் நிறைவு செய்ய, 1939-இல் நாடகம் அரங்கேறியது. ஆர்கோனாக நடித்த டொப்பொர்க்கோவ் அவ்வொத்திகைகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். ஆர்கோன் என்னும் ஒரு பாத்திரம் அவருக்குப் பள்ளியாயிற்று. அங்குக் கற்ற வினாவும் தேடலும் வேறு எந்தப் பாத்திரத்துக்கும் பயன்படக்கூடியவை அல்லவா?

பள்ளி நாடகங்களைப் பயிற்றும் தமிழாசிரியர்களுக்கு இதில் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. வசனம் தவறாமல் ஒப்பிக்கும் மாணவனைக் கண்டு நாம் மகிழ்கிறோம். அவனிடம், “நீ ஏற்றிருப்பவர் இவ்வறைக்குள் எதை வேண்டி வருகிறார்?” என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அவன் விடை தேடத் தொடங்கும் நேரமே நடிப்புக் கல்வி தொடங்கும் நேரம். மற்றொருவர் நெஞ்சினுள் புகுந்து பார்க்கும் பழக்கம், மேடையை விட்டு இறங்கிய பின்னும் அவனோடு செல்லும்.