கியர்பாக்ஸை இறக்கும் முன்: பழைய லாரியின் கிளட்ச் கோளாறுகள்

ஒரே ஒரு பழைய லாரியை நம்பி வாழும் குடும்பங்கள் நம்மிடையே அநேகம். அந்த லாரி ஒரு நாள் நின்றால் வாடகை போகும். ஒரு வாரம் நின்றால் தவணை பாக்கி விழும். கிளட்ச் கோளாறு என்றதும், "கியர்பாக்ஸை இறக்கி செட்டையே மாற்ற வேண்டும்" என்ற முடிவுக்குப் பலரும் உடனே வந்துவிடுகிறார்கள். சில வேளைகளில் அது உண்மைதான். ஆனால் கோளாறு கியர்பாக்ஸுக்கு வெளியே, ஒரு சிறிய ரப்பர் வாஷரில் இருக்கவும் கூடும். நகையை அடகு வைத்துச் செலவு செய்த பிறகு அது தெரிய வந்து என்ன பயன்? மெக்கானிக்குகளைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. வண்டிக்காரர் தம் வண்டியைத் தாமே ஒருமுறை பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போனால் இருவருக்கும் நல்லது.

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். பழைய நடுத்தர, சிறிய லாரிகளில் பலவற்றில் கிளட்ச் ஆயிலால் இயங்குகிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் குழாய் வழியாகச் சென்று, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் சிலேவ் சிலிண்டரின் ராடை வெளியே தள்ளும். ராடு ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைப் பிரஷர் பிளேட்டின் மீது அழுத்தும். அப்போதுதான் கிளட்ச் பிளேட் பிடி விடும், கியர் விழும். கேபிள் உள்ள வண்டிகளில் ஆயிலின் வேலையைக் கேபிள் செய்கிறது. கனரக லாரிகளில் காற்றழுத்த உதவியும் சேர்ந்திருக்கும். அவற்றை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் சோதனை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். ஒருவர் பெடலை அடி வரை மிதிக்கட்டும். மற்றவர் டார்ச் அடித்து, சிலேவ் சிலிண்டரின் ராடு எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கட்டும். ராடு நகரவே இல்லை, அல்லது சிறிதளவே நகர்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் ஆயில் செல்லும் வழியில்தான். கியர்பாக்ஸை இறக்க அவசரப்பட வேண்டாம். ராடு முழுமையாக நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால் ஃபோர்க், பேரிங், பிளேட் என உள்ளே இருப்பவற்றைச் சந்தேகிக்கலாம்.

பெடல் சொல்லும் செய்தி

பெடல் மெத்தென்று இருந்து, இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் கியர் விழுகிறதா? குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது ஆயில் குறைந்திருக்கிறது. ஆயில் தானாகக் குறையாது. கேபினுக்குள் பெடலுக்குப் பின்னால் ஈரமாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. சிலேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பார்த்து, உள்ளே ஈரமிருந்தால் அது கசிகிறது. எங்குமே கசிவில்லை, ஆனால் மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெதுவாக இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர் தேய்ந்திருக்கும். உட்சுவரில் கீறலோ துருக்குழியோ இருந்தால் வாஷர் கிட் மட்டும் போதாது. சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

பெடல் கல் போல இறுகியிருந்தால் கேபிள் துரு, காய்ந்த பெடல் புஷ், தேய்ந்த ஃபோர்க் முனை, பிரஷர் பிளேட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மிதித்த பெடல் மெதுவாகத் திரும்பினால் ஹோஸ் பைப் உள்ளே உப்பி அடைத்திருக்கலாம்.

மேட்டில் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை, தீய்ந்த வாடை வருகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பெடலில் ஃப்ரீ பிளே அறவே இல்லாமல் போயிருந்தாலும் இப்படி நேரும். ஆகவே பிளேட்டைக் குற்றம் சொல்லும் முன் ஃப்ரீ பிளேயைச் சரிபார்க்கவும். அளவு வண்டிக்கு வண்டி மாறும். அந்த வண்டியின் கையேட்டில் உள்ளதே சரியான அளவு. பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வரும் சத்தம் பெரும்பாலும் கியர்பாக்ஸ் பேரிங்.

காற்றை வெளியேற்றும் முறை

சிலேவ் சிலிண்டரின் நிப்பிளில் தெளிவான டியூப் ஒன்றைச் செருகி, மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வைக்கவும். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் நிப்பிளை அரைச் சுற்று திறந்தால் குமிழி வரும். நிப்பிளை மூடிய பிறகே பெடலை விட வேண்டும். முன்பே விட்டால் காற்று மீண்டும் உள்ளே போகும். குமிழி நிற்கும் வரை இப்படியே செய்யவும். இடையில் மேல் டப்பா காலியாகிவிடாமல் ஆயில் ஊற்றிக்கொண்டே வரவும்.

கையேட்டில் சொன்ன டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயிலையே ஊற்றவும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றினால் எல்லா வாஷர்களும் உப்பிக் கெடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் நாள்பட்ட திறந்த டப்பாவும் ஆகாது. அது பெயிண்டை அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவவும்.

கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், உள்ளே படிந்த தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே முறை. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும்.

கிளட்ச் சரியாக விடாத வண்டியை, "இந்த ஒரு லோடு மட்டும்" என்று சந்தைத் தெருவுக்குள் கொண்டு போகாதீர்கள். கியர் போட்ட வண்டி பெடலை மிதித்த பிறகும் முன்னே பாய்ந்தால், எதிரே நிற்பவர் யாராகவும் இருக்கலாம். ஒரு லோடு வாடகையை மறுநாள் சம்பாதித்துக்கொள்ளலாம்.