உங்களுக்குத் தெரியுமா? அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த வைத்தியங்கள்

சேலத்துப் பெரியாஸ்பத்திரி என்றாலும், நாமக்கல் ஜி.ஹெச். என்றாலும், ‘காசில்லாதவர்கள் போகும் இடம்’ என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் உலகம் இன்று பின்பற்றும் வைத்திய முறைகள் சில, இதுபோன்ற அரசு மருத்துவமனைகளில்தான் பிறந்தன. கூட்டம் அதிகம், பணம் குறைவு. அந்த நெருக்கடியே அங்கிருந்த மருத்துவர்களைப் புதிய வழி தேட வைத்தது. அவற்றில் சில இங்கே.

வீட்டிலேயே குணமாகும் காசநோய்

1950-கள் வரை காசநோய் என்றால் சானடோரியம்தான். நம் பக்கத்துக்காரர்களுக்குப் பெருந்துறை, சென்னைப் பக்கம் தாம்பரம். நல்ல காற்றும் சத்தான சாப்பாடும் மாதக்கணக்கில் ஓய்வும் இல்லாமல் இந்த நோய் தீராது என்று உலகமே நம்பியது. நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகளோ கொஞ்சம்தான்.

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் ஆய்வை நடத்தினார். நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போனது, மற்றது வீட்டிலேயே இருந்தது. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. மருந்தை ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று அறியத் திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

1959-ல் முடிவு வந்தது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், வீட்டில் வைத்தியம் பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. குணமாக்கியது மருந்துதான் என்பது உறுதியானது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு முக்கியமான காரணம். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

நாமகிரித் தாயாரின் பக்தரும் தாம்பரம் மருத்துவமனையும்

கணிதமேதை ராமானுஜனின் குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். 1917-ல் இங்கிலாந்தில் அவருக்குக் காசநோய் என்று கருதி மெண்டிப் மலைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். அங்கே அவரைக் கவனித்தவர் சௌரி முத்து என்ற இந்திய மருத்துவர். அவரே பின்னாளில் தாயகம் திரும்பி 1928-ல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அதை அரசு ஏற்றது.

ராமானுஜன் 1920-ல் சேத்துப்பட்டில் காலமானார். அவருக்கு வந்தது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்பது பிற்காலத்தில் ஆவணங்களை ஆராய்ந்தவர்களின் கருத்து.

ஐந்து சோதனைகளில் ஓர் உயிர்

காசநோய்க்கு மருந்து இருந்தும் சிலர் ஏன் இறக்கிறார்கள்? பெரும்பாலும் நோய் தெரிந்த முதல் சில வாரங்களில்தான் மரணம் நிகழ்கிறது. உடல் அதற்குள் அவ்வளவு நலிந்திருக்கும். இதைத் தடுக்கத் தமிழக அரசு 2022-ல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்ட’த்தைத் தொடங்கியது. நோய் உறுதியானதும் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது. ஆபத்தான நிலையில் இருப்பவரை உடனே வார்டில் சேர்க்கிறார்கள். ஸ்கேன் வேண்டாம், விலை உயர்ந்த கருவி வேண்டாம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை மெஷினும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இருந்தால் போதும்.

ஸ்டான்லியின் விரல் நுனி

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி. நாமக்கல்லில் லாரி பாடி பில்டிங். ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலை. இங்கெல்லாம் விரல் நுனி இயந்திரத்தில் சிக்கித் துண்டாவது அரிதல்ல. அந்த விரலைக் குட்டையாக வெட்டி மூடினால் காயம் ஆறும், பிழைப்பு போய்விடும்.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைத் துறையை வளர்த்தவர் ஆர். வெங்கடசாமி. அவரும் என். சுப்பிரமணியனும் 1980-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். சாய்வாக வெட்டுப்பட்ட விரலின் பக்கவாட்டிலிருந்தே முக்கோண வடிவில் தோலையும் சதையையும், அதற்குப் போகும் நரம்பும் ரத்தக் குழாயும் அறாமல் எடுத்து, நுனிக்கு நகர்த்தித் தைப்பது அந்த முறை. விரலின் நீளம் காப்பாற்றப்படுகிறது. தொடு உணர்ச்சியும் நிலைக்கிறது. நூல் இழையைத் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டிய தறிக்காரருக்கு அந்த உணர்ச்சிதான் சோறு. பல நாட்டுக் கை அறுவை நிபுணர்கள் இன்றும் இதை வெங்கடசாமியின் பெயராலேயே அழைக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: விரல் துண்டானால் அதை நேரடியாக ஐஸில் போடக் கூடாது. சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

டயர் கடையில் கிடைத்த கால்

ஜெய்ப்பூர் கால் பிறந்த இடம் ராஜஸ்தானின் சவாய் மான்சிங் அரசு மருத்துவமனை, ஆண்டு 1968. எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும், ராம்சந்திர சர்மா என்ற கைவினைக் கலைஞரும் சேர்ந்து உருவாக்கினார்கள். அதுவரை வந்த வெளிநாட்டுச் செயற்கைக் கால்களுக்கு ஷூ கட்டாயம். குத்தவைத்து உட்கார முடியாது, சேற்று வயலில் இறங்க முடியாது. லாரி டயரை ரீட்ரேடிங் செய்வதைப் பார்த்த சர்மாவுக்கு, ரப்பரில் பாதம் வார்க்கலாம் என்ற யோசனை வந்ததாகச் சொல்வார்கள். ரீட்ரேடிங் பட்டறைகள் நிறைந்த நாமக்கல்லுக்கு இந்தச் செய்தி நெருக்கமானது. சேத்திக்கு 1981-ல் மகசேசே விருது கிடைத்தது.

நான்காவது முயற்சியில் துடித்த வால்வு

சிறுவயதில் வரும் தொண்டைத் தொற்றைச் சரியாகக் கவனிக்காவிட்டால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாகி, இதய வால்வு கெட்டுப்போகும். மாற்று வால்வை இறக்குமதி செய்துதான் பொருத்த வேண்டும் என்ற நிலையில், ஏழைக்கு அது எட்டாத விலை. திருவனந்தபுரத்தில் மத்திய அரசின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உள்நாட்டு வால்வை உருவாக்கினார்கள். முதல் மூன்று வடிவங்கள் தோற்றன. நான்காவது வடிவம் 1990 டிசம்பர் 6 அன்று ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை திறந்து மூடும் அந்தச் சிறு வட்டு, அதன்பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் காத்திருக்கிறது.

எழும்பூரில் முதல் கண் வங்கி

சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் அங்கேதான் அமைந்தது, அமைத்தவர் ஆர்.இ.எஸ். முத்தையா.

கண்புரைக்கு இன்று வைக்கும் லென்ஸும் அரசு மருத்துவச் சேவையின் கொடைதான். பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய மறு ஆண்டு, 1949-ல், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரால்ட் ரிட்லி முதல் லென்ஸைப் பொருத்தினார். போரில் உடைந்த விமானக் கண்ணாடியின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் தங்கியும் கண் அதை எதிர்க்காததைக் கவனித்தே அந்தப் பொருளைத் தேர்ந்தார்.

எச்.ஐ.வி.: கண்டுபிடித்ததும் காத்ததும்

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-ல் முதலில் கண்டறிந்தவர்கள் சென்னை அரசு மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும். ‘நம் நாட்டில் அது இருக்காது’ என்று பலரும் சொன்ன நேரத்தில், நிர்மலா நேரில் போய் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூரில் சோதனை நடந்தது.

லாரித் தொழில் தழைத்த நாமக்கல் அந்த நோயால் பட்ட பாடு நமக்குத் தெரியும். ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று சுவரெல்லாம் கேட்ட கேள்வியும் நினைவிருக்கும். 1994-ல் தமிழகம் எய்ட்ஸ் தடுப்புக்கென்றே தனிச் சங்கம் அமைத்தது. பிற மாநிலங்களும் அதையே பின்பற்றின. 2004 ஏப்ரலில் நாட்டில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய முதல் மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. இன்று நாமக்கல் அரசு மருத்துவமனையிலேயே அந்தச் சிகிச்சை கிடைக்கிறது. மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் தென்படாத நிலையை அடைந்தவரிடமிருந்து உடலுறவு வழியே நோய் பரவாது. தொற்று இருப்பவரை ஒதுக்கிவைக்க இனி ஒரு காரணமும் இல்லை.

மருந்துக்கு ஒரு பாஸ்புக்

கண்டுபிடிப்பு என்பது கருவியாகத்தான் இருக்க வேண்டுமா? 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலத்துக்கான மருந்துகளை மொத்தமாக டெண்டரில் வாங்கி, ஆய்வகத்தில் தரம் சோதித்த பிறகே மாவட்டக் கிடங்குகளிலிருந்து அனுப்புகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன.

ஒவ்வொரு தாயின் மரணத்துக்கும் விசாரணை

பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், ஏன் என்று ஆராயும் முறை தமிழகத்தில் 1994-ல் தொடங்கியது. வண்டி தாமதமா, ரத்தம் கிடைக்கவில்லையா, ஆபத்தை வீட்டார் உணரவில்லையா? கிடைத்த பதில்களே திட்டங்களாயின: சுழற்சி முறையில் மூன்று செவிலியர்களோடு இரவும் பகலும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையம், பிரசவ அறையில் உறவுப் பெண் ஒருவர் உடனிருக்க அனுமதி, சுகாதார நிலையத்திலேயே வளைகாப்பு.

பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்த எளிய வழி கண்டவர் டாக்கா அரசு மருத்துவமனையின் சயீபா அக்தர். ரப்பர் குழாயில் ஆணுறையைக் கட்டிக் கர்ப்பப்பைக்குள் வைத்து, சலைன் நிரப்பி அழுத்தம் கொடுக்கும் முறை அது. 2003-ல் வெளியான அது பல நாடுகளில் தாய்மார்களைக் காத்திருக்கிறது.

நாற்பத்தெட்டு மணி நேரம்

சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் விபத்து என்றால், முதலில் எழும் கேள்வி பணம். ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் அந்தக் கேள்வியை நீக்கியது. தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும், எந்த ஊர்க்காரரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் அரசுச் செலவில் நடக்கும்.

வாசலுக்கு வரும் மாத்திரை

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. 2024-ல் ஐ.நா. விருது பெற்றது. 2021 செப்டம்பரில் ‘கலைஞரின் வருமுன் காப்போம்’ முகாம்கள் தொடங்கிய இடம் நம் வாழப்பாடி.

இவற்றில் பெரும்பாலானவை நம் வரிப்பணத்தில், நம்மைப் போன்ற நோயாளிகளின் ஒத்துழைப்பில் உருவானவை. ஊரில் அடுத்த முகாம் நடக்கும்போது கையை நீட்டி ரத்த அழுத்தம் பாருங்கள். வாங்கிய மருந்தை நிறுத்தாமல் சாப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை, மருந்து இல்லை என்றால் உரிமையோடு கேளுங்கள். அரசு மருத்துவம் சிறந்தால்தான் அடுத்த வைத்தியமும் அங்கே பிறக்கும்.