எஃப்.ஆர்.னு போட்டிருந்தா போதுமா?

இன்டர்ன்ஷிப் சமயத்துல சைட் இன்ஜினியர் ஒருத்தர் ரெண்டு கேபிள் துண்டைக் கையில கொடுத்து, "இதுல எதை ஃபயர் பம்புக்குப் போடுவ?"ன்னு கேட்டார். ஒண்ணுல எஃப்.ஆர். என்று அச்சாகி இருந்தது. "இதுதான் சார், ஃபயர் ரெசிஸ்டன்ட்"னு தைரியமா சொன்னேன். தப்பு.

நம்ம ஊர் வீட்டு வயரில் இருக்கும் எஃப்.ஆர்., ஃப்ளேம் ரிடார்டன்ட். அதாவது, கேபிள் வழியாகத் தீ பரவாது. இதைச் சோதிப்பது ஐ.இ.சி. 60332. அந்த டெஸ்ட்டில் கேபிள் எவ்வளவு தூரம் எரிந்தது என்றுதான் பார்ப்பார்கள். சர்க்யூட் வேலை செய்கிறதா என்று பார்ப்பதில்லை. பி.வி.சி. உருகி ஷார்ட் ஆனாலும் பாஸ்தான்!

ஆனா ஃபயர் பம்ப், அலாரம், எமர்ஜென்சி லைட் எல்லாம் தீப்பிடித்த பிறகுதான் ஓடணும். அதற்கு வேண்டியது ஃபயர் சர்வைவல் கேபிள். இதற்கான டெஸ்ட்கள் ஐ.இ.சி. 60331, பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 6387 போன்றவை.

பி.எஸ். 6387-ல் கேபிளுக்கு அதன் ரேட்டட் வோல்டேஜைக் கொடுத்துக்கொண்டே எரிப்பார்கள். ஃபியூஸ் போனாலோ, கண்டக்டர் அறுந்து பல்பு அணைந்தாலோ ஃபெயில். மூன்று பிரிவுகள்:

• சி: 950 டிகிரி செல்சியஸ் தீயில் 3 மணி நேரம்.
• டபிள்யூ: 650 டிகிரியில் 15 நிமிடம், பிறகு தீயோடு தண்ணீரும் தெளித்து இன்னும் 15 நிமிடம்.
• இசட்: 950 டிகிரியில் 15 நிமிடம், 30 வினாடிக்கு ஒரு அடி.

பிளாஸ்டிக் எல்லாம் சாம்பலான பிறகும் எப்படித் தாங்குது? பல கேபிள்களில் கண்டக்டர் மேல் மைக்கா டேப் சுற்றியிருக்கும். இன்சுலேஷன் எரிந்தாலும் மைக்கா நிற்கும். காப்பர் உருகுவது 1085 டிகிரியில். அலுமினியம் 660-லேயே உருகிவிடும், அதனால் 950 டிகிரி டெஸ்ட்டுக்கு அது ஆகாது.

ஒரு விஷயம் கவனிங்க. சி, டபிள்யூ, இசட் மூன்றையும் தனித்தனித் துண்டுகளில்தான் செய்வார்கள். நிஜத் தீ விபத்தில் சூடு, தண்ணீர், மேலிருந்து விழும் அடி எல்லாம் ஒரே கேபிள் மேல்தான் வரும். அதனால்தான் பெரிய பவர் கேபிள்களுக்கான பி.எஸ். 8491, இந்த மூன்றையும் ஒரே துண்டில் 30, 60 அல்லது 120 நிமிடம் வரை சோதிக்கிறது.

இன்னொண்ணு: நல்ல கேபிளை வாங்கி பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டினால், கிளிப் உருகி கேபிள் கீழே தொங்கும். மெட்டல் கிளிப்தான் போடணும்.

அடுத்த முறை யாராவது எஃப்.ஆர். என்றால், "எந்த ஸ்டாண்டர்ட், எவ்வளவு நேரம்?"னு கேளுங்க. அன்னைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.