இரு களஞ்சியங்கள், ஒரு வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த ஊர் கூமாப்பட்டி. அருகிலுள்ள பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் நீர் அப்பகுதிக் கண்மாய்களை நிறைத்து வயல்களை அடைகிறது. மேலைக் கண்மாய் நிறைந்தால் மிகுநீர் மறுகால் வழியே கீழைக் கண்மாய்க்குச் செல்லும். நீர் செல்லும் திசை முன்னரே வரையறுக்கப்பட்டிருப்பதே இவ்வமைப்பின் அடிப்படை. கணினியில் இரு களஞ்சியங்களை இணைக்கும்போதும் இதே ஒழுங்கு தேவைப்படுகிறது.

பலர் கூடி மென்பொருள் எழுதும்போது, யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைக் குறித்து வைப்பது ‘பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை’ எனப்படும். இவ்வகையில் புகழ்பெற்றவை இரண்டு. சப்வெர்ஷனில் நடுவண் களஞ்சியம் ஒன்றே. மாற்றங்கள் 1, 2, 3 என வரிசை எண் பெறும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் முறைமையிலோ ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். ஒவ்வொரு மாற்றமும் நீண்டதொரு தனி அடையாளக் குறியைப் பெறும்.

1996இல் தொடங்கப்பட்ட கே.டி.இ. என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டம் இவ்விரண்டையும் பயன்படுத்தியது. அதன் மூலநிரலின் பெரும்பகுதி 2011ஆம் ஆண்டளவில் சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு மாறியது. தமிழ் உள்ளிட்ட மொழிபெயர்ப்புகள் சப்வெர்ஷனிலேயே தொடர்ந்தன. அங்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தம் மொழிக்குரிய அடைவை மட்டும் பெற்றுப் பணியாற்ற இயலும்.

இரண்டையும் இணைப்பது ‘ஸ்கிரிப்டி’ என்னும் தானியங்கி நிரல். நிரலர் எழுதிய ஆங்கிலத் தொடர்களைக் கிட்டிலிருந்து திரட்டி, அது சப்வெர்ஷனில் சேர்க்கிறது. மொழிபெயர்ப்பாளர் அவற்றுக்கு நேரான தமிழ்த் தொடர்களை எழுதுகிறார். நிறைவுற்ற கோப்பை அந்நிரல் மீண்டும் கிட்டுக்குக் கொண்டு செல்கிறது. ஆங்கிலத் தொடருக்குத் தாயகம் கிட். தமிழ்த் தொடருக்குத் தாயகம் சப்வெர்ஷன். பிழை கண்ட ஒருவர் தமிழ்க் கோப்பைக் கிட்டில் நேரடியாகத் திருத்தினால், அடுத்த ஒத்திசைவில் அத்திருத்தம் அழிந்து பழைய பிழையே திரும்பி வரும். உழைப்பு வீணாகும், காரணம் அறியாதவர் சோர்வடைவார். ஆகவே, எப்பொருள் எங்குத் திருத்தப்பட வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும்.

ஒரே மூலநிரலை இரு முறைமைகளிலும் பேண விரும்புவோர்க்கு ‘கிட்-எஸ்.வி.என்.’ என்னும் கருவி உண்டு. அதனை அமைக்கும்போது மூன்று செய்திகளைக் கருத வேண்டும். முதலாவது, சப்வெர்ஷனின் முதன்மைத் தண்டும் கிளைகளும் எந்த அடைவுகளில் உள்ளன எனக் குறிப்பிடுதல். இரண்டாவது, வரலாற்றை நேர்கோட்டில் வைத்தல். கிட்டின் பின்னிப் பிணைந்த கிளை இணைப்புகளைச் சப்வெர்ஷன் அவ்வாறே ஏற்காது. மூன்றாவது, பங்களிப்பாளர் பட்டியல். சப்வெர்ஷன் ஒரு பயனர் பெயரை மட்டுமே குறிக்கும். கிட் முழுப்பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் எதிர்பார்க்கும். எனவே, இன்ன பயனர் பெயர் இன்னாரைக் குறிக்கும் என ஒரு கோப்பில் எழுதித் தருதல் வேண்டும். அப்பட்டியலில் இல்லாத பெயரைக் கண்டால் கருவி மேற்செல்லாது நின்றுவிடும்.

இந்நிறுத்தம் இடையூறாகத் தோன்றினும் இதில் ஓர் அறம் உண்டு. எழுதியவர் பெயரின்றி எழுத்து மட்டும் இடம்பெயர்தல் கூடாது. ஸ்கிரிப்டி கிட்டில் இடும் பதிவுகள் அந்நிரலின் பெயரையே தாங்கி நிற்கும். அங்கு வரலாற்றை மட்டும் காண்பவர் மொழிபெயர்ப்பாளரை அறியார். எனினும், ஒவ்வொரு மொழிபெயர்ப்புக் கோப்பின் முகப்பிலும் இறுதியாக மொழிபெயர்த்தவரின் பெயரைக் குறிக்க ஒரு வரி உண்டு. கோப்பு எங்குச் சென்றாலும் அவ்வரியும் உடன் செல்கிறது.

கூமாப்பட்டி மாணவர் ஒருவர் கே.டி.இ. நிறுவிய கணினியில் தமிழைத் தேர்ந்தெடுத்தால், திரையில் தோன்றும் கே.டி.இ.யின் தமிழ்ச் சொல் பெரும்பாலும் இவ்வழியே வந்தது. அச்சொல்லில் பிழை கண்டால் அதைத் திருத்த முன்வரவும் அவருக்கு உரிமை உண்டு. திருத்தத்தை எக்களஞ்சியத்தில் இட வேண்டும் என்பதை அறிந்து செய்தால், அது நிலைக்கும்.