அலாஸ்காவில் மீண்டும் எழுந்த அணி

2018-19 பருவம் முழுக்க ஆடி, மூன்றே மூன்று ஆட்டங்களில் ஜெயித்தது அலாஸ்காவின் ஆங்கரேஜ் பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணி. பெயர் சீவுல்வ்ஸ். 1991-இல் தேசியப் போட்டியில் பாஸ்டன் கல்லூரியையே வீட்டுக்கு அனுப்பிய அணி இது என்றால் நம்புவது கடினம்.

தோல்வியைவிடப் பெரிய அடி வெளியிலிருந்து வந்தது. டபிள்யூ.சி.ஹெச்.ஏ. என்ற லீக்கில் உடன் ஆடிய ஏழு கல்லூரிகள், தனியாகப் பிரிந்துபோவதாக 2019-இல் அறிவித்தன. ஆட்டங்களுக்காக அலாஸ்கா வரை விமானத்தில் பறப்பது சும்மாவா? செலவும் அலைச்சலும் அதிகம். மறு ஆண்டே, பணமில்லை என்று பல்கலைக்கழகம் அணியைக் கலைக்க முடிவெடுத்தது. ஒரே ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தது: 30 லட்சம் டாலர் திரட்டினால் அணி பிழைக்கும்.

ஊர் விடவில்லை. முன்னாள் வீரர்களும் ரசிகர்களும் சேர்ந்து 2021-க்குள் அந்தத் தொகையைத் திரட்டியே விட்டார்கள். முன்னாள் வீரர் மாட் ஷாஸ்பி பயிற்சியாளரானார். ஒரு வீரர்கூட இல்லாத அணியை அவர் முதலிலிருந்து கட்டினார்.

2022-இல் சீவுல்வ்ஸ் மறுபடி பனித்தளத்தில் இறங்கியது, எந்த லீக்கையும் சேராத அணியாக. சொந்த அரங்கில் ஆயிரம் பேர்கூட உட்கார முடியாது. ஆனாலும் சாலை வழியே சுமார் 580 கிலோமீட்டர் வடக்கே உள்ள ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழக அணியுடனான பழைய பகை அப்படியே இருக்கிறது. ஆளுநர் கோப்பைக்காக இரண்டும் இன்னமும் மோதுகின்றன.