பல் எடுத்தல்: முன்னும் பின்னும்

பல்வலியைக் காட்டிலும், பல்லைப் பிடுங்கவேண்டி வருமே என்ற எண்ணமே பலரை வாட்டுகிறது. வலி தொடங்கியதும் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொள்கின்றனர். அதனால் வலி அடங்காவிட்டால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகின்றனர். கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியாத நிலை வந்த பின்னரே மருத்துவமனையை நாடுகின்றனர். பணமுடையும் தொலைவும் இத்தாமதத்திற்கு ஓரளவு காரணமாகலாம். எனினும் பெருங்காரணம் அச்சமே. கிராமங்களில் பணிபுரியும் சுகாதார ஊழியரும் ஆசிரியரும் இவ்வச்சத்தை நாள்தோறும் எதிர்ப்படுகின்றனர். மருத்துவரின் நாற்காலியில் என்ன நிகழ்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்தவருக்கு அச்சத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

வலியின்றி அறுவை செய்யும் கலையே பல் மருத்துவரிடம்தான் பெரிதும் வளர்ந்தது என்பதைப் பலர் அறியார். அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரப் பல் மருத்துவர் ஹோரேஸ் வெல்ஸ் என்பவர், 1844 டிசம்பர் 11 அன்று நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்து மயங்கி, தம் கடைவாய்ப் பல்லையே வேறொரு மருத்துவரைக் கொண்டு எடுக்கச் செய்தார். 1846 செப்டம்பர் 30 அன்று பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதரைப் பயன்படுத்தி ஒருவரின் பல்லை எடுத்தார். ஆயினும் ஒரு பல்லுக்காக முழு உடலையும் மயக்கத்தில் ஆழ்த்துவது மிகையான செயலே. குறிப்பிட்ட இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் பின்னர் வந்தன. அவற்றுள் இன்று பெரிதும் வழங்கும் லிக்னோகெயின், 1943-இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலார் நீல்ஸ் லோப்கிரென் என்பவரால் ஆக்கப்பட்டது.

நம் நாட்டில் டாக்டர் ரபியுதீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். பல் மருத்துவரைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது. சந்தையிலும் திருவிழாவிலும் பாய் விரித்துப் பல் பிடுங்குவோர் இதன்பின்னும் அறவே மறைந்துவிடவில்லை. கொதிக்கவைத்துத் தூய்மை செய்யாத ஒரு குறடு, ஒருவரின் இரத்தத்தில் உள்ள மஞ்சட்காமாலை நச்சுயிரியை அடுத்தவரின் உடலில் சேர்த்துவிட வல்லது. வேர் முறிந்து உள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. அங்கே மிச்சமாகும் சில ரூபாய் உண்மையான மிச்சம் அன்று.

சொத்தையான பல் எல்லாம் எடுக்கப்படவேண்டியதில்லை. சொத்தை பற்கூழை எட்டாதிருந்தால் அடைத்துவிடலாம். எட்டிவிட்டாலும் வேரைத் தூய்மை செய்து பல்லைக் காப்பாற்றும் முறை உண்டு. பல் பெரிதும் சிதைந்துபோதல், ஈறு நோயால் எலும்பு கரைந்து பல் ஆடுதல், ஞானப்பல் இடமின்றிக் கோணலாகச் சிக்கிக்கொள்ளுதல் ஆகிய நிலைகளிலேயே எடுத்தல் பொருத்தமாகும்.

மருத்துவரிடம் செல்லும் நாளில் வெறும் வயிற்றுடன் போகக்கூடாது. ஊசிக்கு முன் சாப்பிடலாமா என்று தயங்கிப் பட்டினியாகச் சென்று, அங்கே தலைசுற்றி விழுவோர் பலர். முழு மயக்கம் கொடுப்பதாக இருந்தால் மட்டுமே உணவை நிறுத்தவேண்டும். அதை மருத்துவரே சொல்வார். இதயநோய், நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறு காயத்திலும் இரத்தம் நில்லாமல் ஒழுகும் இயல்பு, மருந்து ஒவ்வாமை, கருவுற்றிருத்தல் ஆகியவற்றை மறையாமல் கூறவேண்டும். உட்கொள்ளும் மாத்திரைகளைக் கையோடு எடுத்துச் செல்வது நலம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு வருவது, பல்லைவிடப் பெரிய ஆபத்தை வருவிக்கக்கூடும்.

ஊசி குத்தும்போது சுருக்கென்ற வலி சில நொடிகள் இருக்கும். மேல்தாடையின் எலும்பு நுண்துளைகள் மிக்கதாதலால், பல்லின் அருகே செலுத்திய மருந்து ஊறி வேரை அடைந்துவிடும். கீழ்த்தாடையின் பின்பகுதி எலும்போ கெட்டியானது. ஆகையால் கடைவாயின் பின்புறத்தில், நரம்பு எலும்பினுள் நுழையும் இடத்தருகே மருந்தைச் செலுத்துகின்றனர். சில நிமிடங்களில் கீழுதட்டின் ஒரு பாதியும் நாவின் ஒரு பாதியும் தடித்துப்போனதுபோல் தோன்றும். உதடு வீங்கிவிட்டதென்று நோயாளி கையால் தடவிப் பார்ப்பார். கண்ணாடியில் பார்த்தால் அது பழையபடியே இருக்கும். மருந்துடன் கலந்துள்ள அட்ரினலின் காரணமாகச் சிலருக்கு நெஞ்சு சற்றுப் படபடக்கும், விரைவில் அடங்கிவிடும். சீழ் கட்டிய இடத்தில் மருந்து நன்றாக வேலை செய்யாது. வீக்கம் வந்தபின் வருவோருக்கு வலி கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இனிக் கூறுவதைத்தான் நோயாளிக்குத் தெளிவாக விளக்கவேண்டும். மரப்பு மருந்து வலியை நீக்குமேயன்றி அழுத்தத்தை உணரும் ஆற்றலை முழுதும் நீக்காது. பல் எலும்புடன் ஒட்டியிருப்பதில்லை; ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள நார்களால் குழியினுள் தொங்குகிறது. மருத்துவர் அந்நார்களைப் பிரித்து, நெம்புகோலாலும் குறடாலும் பல்லை இருபுறமும் மெல்ல அசைத்துக் குழியை அகலச் செய்கிறார். பிடுங்குதல் என்று சொல்லப்பட்டாலும் இழுப்பது இதில் கடைசிச் சிறு பகுதியே. தாடை அமுங்குவதும், மொறுமொறுவென ஓசை கேட்பதும் இயற்கை. அவ்வோசை எலும்பின் வழியே செவியை அடைவதால் உண்மையினும் பெரிதாகக் கேட்கும். முன்பல்லுக்கு ஒரே வேர். அது எளிதில் வந்துவிடும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு, மேற்கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள் உள்ளமையால், சில வேளை பல்லைத் துண்டாக்கி எடுக்க நேரும். உண்மையான வலி தோன்றினால் கையை உயர்த்திக் காட்டலாம். மேலும் மருந்து செலுத்துவர்.

மேல்வரிசைப் பல்லை எடுத்தால் கண்பார்வை குன்றும் என்ற நம்பிக்கை நாட்டின் பல பகுதிகளில் வேரூன்றியுள்ளது. படித்தவரும் இதற்கு விலக்கல்லர். முகத்தின் தொடு உணர்ச்சியையும் வலியையும் மூளைக்கு எடுத்துச் செல்வது ஐந்தாம் கபால நரம்பு. அதன் மூன்று கிளைகளுள் நடுக்கிளை மேற்பற்களுக்கு உரியது. காணும் ஆற்றலுக்கு உரியதோ இரண்டாம் கபால நரம்பு. அதற்கும் பல்லுக்கும் தொடர்பு இல்லை. நம்பிக்கை தோன்றிய வழியையும் ஊகிக்கலாம். மேற்பல்லின் வலி கண்வரை தெறிக்கும். பற்கள் ஆடத் தொடங்கும் முதுமையிலேதான் கண்ணில் புரையும் வளர்கிறது. உண்மை நேர்மாறானது: மேற்பல்லில் கட்டிய சீழை அப்படியே விட்டால், அரிதாக அது கண்குழிவரை பரவிப் பார்வைக்கே கேடு செய்யக்கூடும். பல்லை எடுப்பது கண்ணைக் காக்கும் செயலாகிறது.

பல் வந்தபின் குழியின்மேல் வைத்த துணிச்சுருளை அரைமணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருக்கவேண்டும். குழியில் உறையும் இரத்தமே இயற்கை இடும் கட்டு. எச்சிலுடன் கலந்த சிறிதளவு இரத்தம் வாய் நிறைய வருவதுபோல் தோன்றும். அதைக் கண்டு அடிக்கடி துப்பினால் உறைந்தது பெயர்ந்துவிடும். முதல் நாள் கொப்பளித்தலும், சூடான பானமும், உறிஞ்சிக் குடித்தலும் கூடா. குளிர்ந்த தயிர்சோறு போன்றவை ஏற்றவை. மரப்பு நீங்கச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் குழந்தைகள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் பார்க்கவேண்டும். மறுநாள் முதல் உப்பிட்ட வெந்நீரால் மெல்லக் கொப்பளிக்கலாம். பீடியும் புகையிலையும் வெற்றிலையும் சில நாட்களுக்கேனும் விலக்கப்படவேண்டும். இக்கட்டளையே பெரும்பாலும் மீறப்படுவது. மீறுவோருக்குப் பல நேரங்களில் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் குழி வெறுமையாகி, காதுவரை தெறிக்கும் வலி வருகிறது. மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் அது தணியும். ஈறு இரண்டு மூன்று வாரங்களில் மூடும். குழியில் எலும்பு நிறையப் பல மாதங்கள் ஆகும்.

வலியும் சிறு வீக்கமும் இரண்டு மூன்று நாட்களில் குறையவேண்டும். குறையாமல் காய்ச்சல் வந்து, கீழ்த்தாடையின் அடியில் இருபுறமும் கெட்டியாக வீங்கி, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமம் நேர்ந்தால், ஒரு மணி நேரமும் காத்திராமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-இல் விவரித்த இந்நோய் கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழிலிருந்தே பெரும்பாலும் பிறக்கிறது. மூச்சுக்குழலை நெருக்கி உயிரையே வாங்கிவிடும். பல்லை எடுக்காமல் நாள் கடத்தியோரிடமும் இது தோன்றும். புகையிலை மெல்லுவோருக்குப் பல் எடுத்த குழி வாரக்கணக்கில் ஆறாமல் சதை வளர்ந்தால், அது புற்றுநோயோ என்று சோதிப்பது இன்றியமையாதது.

ஆசிரியருக்கு மட்டும் தனியே ஒரு செய்தி உண்டு. ஆறு வயதையொட்டி, பாற்பற்களின் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் ஓசையின்றி முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமலே அது தோன்றுவதால் பெற்றோர் அதனையும் பாற்பல் என்றே எண்ணி, சொத்தையானாலும் பொருட்படுத்துவதில்லை. வலித்தால் பிடுங்கிவிடுமாறு கேட்கின்றனர். மீண்டும் முளைக்கும் என்பது அவர்கள் எண்ணம். அது முளைக்காது. தாடையின் ஒவ்வொரு பாதியிலும் பாற்பற்கள் ஐந்துதான். முன்பற்களின் நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனால், ஆறாவதாக நிற்பது வாழ்நாள் முழுவதற்கும் உரிய பல். வகுப்பில் குழந்தையின் வாயைத் திறக்கச் சொல்லி எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.