நெய்ச்சோறும் 14 நாள் மாத்திரையும்

மைசூரு வீடுகளில் பிள்ளை பெற்றவளைப் 'பாணந்தி' என்பார்கள். தலையில் துணிக்கட்டு, காதில் பஞ்சு, அறையெங்கும் சாம்பிராணிப் புகை. தட்டில் பூண்டும் நெய் மிதக்கும் சோறும். நடுநடுவே கோந்து, கொப்பரை, வெல்லம் சேர்த்துப் பிடித்த 'அண்டின உண்டெ'. பார்க்க வருகிறவர்கள் பால் நன்றாக ஊறுகிறதா என்று கேட்பார்கள். ராத்திரியில் ஏன் அழுதாய் என்று கேட்பவர் குறைவு. கண்டபடி உளறினால் மட்டும் 'பாணந்தி சன்னி' என்று வீடு பதறும்.

அந்தச் சன்னி ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டுதான். சத்தமில்லாத மனச்சோர்வு அப்படியல்ல. 38 இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் உலக சுகாதார நிறுவன இதழில் வெளியான கட்டுரை, 22 சதவீதத் தாய்மாருக்கு அது இருப்பதாகக் கணக்கிட்டது.

கர்ப்பத்தில் புரொஜெஸ்டிரோன் ஏற ஏற, அதிலிருந்து பிறக்கும் அலோபிரெக்னனலோனும் ஏறும். மூளையின் பரபரப்பைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளுக்கு அது கைகொடுக்கும். நஞ்சுக்கொடி விழுந்த சில நாட்களில் இரண்டும் சரிந்துவிடும். இந்தச் சரிவைச் சில பெண்களின் மூளை தாங்குவதில்லை என்பது ஆய்வாளர்களின் கருத்து.

குறைந்ததைத் திருப்பிக் கொடுத்தால்? 2019இல் அமெரிக்கா அனுமதித்த பிரெக்சனலோன் அந்த முயற்சிதான். ஆனால் மருத்துவமனையில் படுத்து 60 மணி நேரம் ரத்தக் குழாய் வழியே ஏற்றிக்கொள்ள வேண்டும். 2024 முடிவில் அது சந்தையை விட்டே போயிற்று. அதே வகையில் 2023 ஆகஸ்டில் அங்கே அனுமதி பெற்ற சுரனலோன் வாய்வழி மருந்து: தினம் மாலை ஒரு வேளை, 14 நாள். வழக்கமான மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலின் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். சுரனலோனின் பலன் ஆய்வில் மூன்றாம் நாளே தெரிந்தது.

கொழுப்புள்ள உணவோடு விழுங்கினால்தான் இது உடலில் நன்றாகச் சேரும். பாணந்தியின் நெய்ச்சோற்றுக்கு இப்படியும் ஒரு வேலை! ஆனால் தூக்கம் தள்ளும். விழுங்கிய 12 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது. ஆய்வில் சேர்ந்த பெண்கள் அந்த நாட்களில் குழந்தைக்குப் பாலும் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் அறிமுக விலை 15,900 டாலர், ஏறக்குறைய 13 லட்சம் ரூபாய்.

செர்ட்ராலின் விலை மிகக் குறைவு. பால் கொடுக்கும் தாய்க்கும் மருத்துவர்கள் தருவதுண்டு. நிலைமை முற்றினால், குழந்தையோடு சேர்த்தே தாயை அனுமதிக்கும் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

மனச்சோர்வு இருக்கக்கூடுமா என்று பார்க்க எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகள் தமிழிலும் கன்னடத்திலும் உள்ளன. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது பத்தாவது. அதைக் கேட்கும்போது அம்மாவும் மாமியாரும் சற்றுநேரம் அறைக்கு வெளியே இருப்பது நல்லது.